பார்க்கத்தக்க இடங்கள்: கோவளத்தை முன்வைத்து

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போகிறவர்கள் உப்பளங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். என் கையில் கிடைத்த எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இந்த உப்பளங்கள் ‘பார்க்கத்தக்க இடம்’ இல்லை. உப்பு விளைகிற இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இதே கேள்வியை முதலைப் பண்ணையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பார்க்கத்தக்கது, தகாதது என்று பிரிக்கும் இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதே என் பிரச்சினை.

கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கையேடு எப்படி எழுதுகிறது என்று பாருங்கள். முட்டுக்காடு படகுத்துறை (1984), தட்சிணசித்ரா (1996), கோவளம் கடற்கரை, வடநெம்மேலி முதலைப் பண்ணை (1976), சாளுவன்குப்பத்துப் புலிக்குகை, கடைசியாக 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய மாமல்லபுரம். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே குப்பங்கள் உண்டு. இந்தப் பிரதியில் அவற்றுக்கான குறி வேகத்தடை மட்டும்தான்.

ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தன் நூலில் பிரெஞ்சுப் பயண வழிகாட்டி ஒன்றை வாசித்துக் காட்டியிருப்பார். ஒரு நாட்டின் மனித வாழ்க்கை முழுவதும் நினைவுச்சின்னங்களுக்காகக் காணாமல் போகிறது. மிஞ்சுகிற மனிதர்கள் ‘மாதிரி’களாக மட்டும் மிஞ்சுகிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். அவருக்கு ஸ்பெயின். நமக்குக் கோவளம். ஒரே ஒரு வேறுபாடு: இங்கே நினைவுச்சின்னமும் காணாமல் போயிருக்கிறது.

ஆமாம், கோவளத்தில் ஒரு கோட்டை இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரியப் பேரரசரின் சாசனத்தோடு இன்றைய பெல்ஜியத்திலிருந்து கிளம்பி வந்த ஆஸ்டெண்ட் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்திருந்தது. அந்தக் கம்பெனி 1731இல் ஒழிந்தது. பிறகு ஆற்காட்டு நவாபு அன்வருதீன் கோட்டை கட்டினார். சாதத் பந்தர் என்று பெயர். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1752இல் க்ளைவ் பிடித்தான், கோட்டை தகர்க்கப்பட்டது. பல பயணக் குறிப்புகளில் இது ‘டச்சுக் கோட்டை’ என்று வருகிறது. டச்சுக்காரர்களின் கோட்டை தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறது. சுற்றுலாவுக்குக் கோட்டை யாருடையது என்பது முக்கியமில்லை. வெள்ளைக்காரன் கோட்டையாக இருந்தால் போதும்.

இந்தச் சண்டையைப் பற்றி உலகம் அறிந்த ஒரு பதிவு உண்டு. 1840இல் மெக்காலே க்ளைவைப் பற்றி எழுதிய கட்டுரை. க்ளைவுக்குக் கிடைத்தது அப்போதுதான் சேர்த்த ஐந்நூறு சிப்பாய்கள், லண்டனிலிருந்து வந்திறங்கிய இருநூறு வெள்ளைக்காரர்கள். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டுக்கு ஒருவன் செத்ததும் மற்றவர்கள் திரும்பி ஓடினார்களாம். பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்த காவல்காரன் ஒருவனைச் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றடியில் கண்டுபிடித்தார்களாம். கோழைகளை வீரர்களாக்கிய தலைவன் என்கிற கதையாடலுக்காக இந்தக் கிணறு அங்கே வருகிறது. கிணறு யாருடையது? அன்றைக்கு அதில் தண்ணீர் சேந்த வந்தவர்கள் எங்கே ஓடினார்கள்? கோவளத்தின் மேல் நடந்த சண்டையில் கோவளத்துக்காரர் ஒருவர்கூட இல்லை. உலக வாசகனுக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்திய பிரதி, ஊரைக் காலி செய்துவிட்டுத்தான் அறிமுகப்படுத்தியது. கையேடுகள் பிறகு செய்ததும் அதைத்தான்.

1974இல் அந்தக் கோட்டை இருந்த இடத்தில் ஆடம்பர விடுதி வந்தது. பெயர் ‘ஃபிஷர்மேன்ஸ் கோவ்’. மீனவர் துறை! மீனவர் பெயரில் இருக்கிறார், மதிலுக்குள் இல்லை. கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கோட்டையைப் பற்றிக் கேட்டேன். “கோட்டையா? அது ஓட்டலுக்குள்ள கீதுன்னு சொல்வாங்க தம்பி. நான் பாத்ததில்ல. எங்க ஆயா கதை சொல்லும்.” அறுபது வருஷமாக இதே ஊர். தன் ஊரின் சரித்திரச் சின்னத்தைப் பார்க்க அவருக்கு அறை வாடகை கட்ட வேண்டும்.

தட்சிணசித்ராவைப் பற்றி இங்கே விரிவாகப் பேச இடமில்லை. லாரி பேக்கரின் கட்டடக்கலையில் எனக்கு மரியாதை உண்டு. அழியவிருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியது சாதாரண வேலையில்லை. ஆனால் வீட்டைப் பெயர்த்துவிடலாம், தெருவைப் பெயர்க்க முடியாது. அக்கிரகாரத்து வீடு வந்துவிட்டது. அந்தத் தெருவுக்குள் யார் செருப்போடு வரக்கூடாது, யார் வரவே கூடாது என்ற விதி வரவில்லை. விதி இல்லாத அக்கிரகாரம் அழகாகத்தான் இருக்கும்.

2019 அக்டோபர் 12 காலையில் பிரதமர் கடற்கரையில் குப்பை பொறுக்கிய காட்சி நினைவிருக்கும். சீன அதிபரோடு பேச வந்தவர் தங்கியிருந்தது கோவளத்து விடுதியில். வெளியான செய்தியில் அது ‘மாமல்லபுரம் கடற்கரை’. (கோவளம் என்றால் வடக்கே கேரளத்துக் கோவளத்தை நினைத்துக்கொள்வார்கள் என்பதாலோ என்னவோ!) இரண்டு வருஷத்தில், 2021 செப்டம்பரில், கோவளத்துக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கிலிருந்து இயங்கும் ஓர் அமைப்பு 33 அளவுகோல்களை வைத்துக் கொடுக்கிற சான்று. குளிக்கும் நீரின் தரம், சுற்றுச்சூழல் கல்வி, மேலாண்மை, பாதுகாப்பு என்று நான்கு தலைப்புகள். வலை உணத்த எவ்வளவு மணல் வேண்டும் என்பதற்குத் தலைப்பு இல்லை. 1991 கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை ஊரகக் கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது என்றது. நீலக்கொடிக் கரைகளில் கழிப்பறை, உடைமாற்றும் அறை, கண்காணிப்புக் காமிரா போன்றவற்றுக்குப் 10 மீட்டர் விட்டால் போதும் என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு இறக்கிக்கொடுத்தது. கழிப்பறை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யாருக்காக என்றால் சட்டம் இவ்வளவு சுலபமாக வளைகிறது என்பதைத்தான் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு நண்பர் இந்தக் கட்டுரையின் வரைவைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். ‘குப்பத்துப் பையன்கள் அலைச்சறுக்கு கற்றுத் தருகிறார்கள், 2013லிருந்து அதற்கு விழாவே நடந்தது, நாலு பேருக்குச் சம்பளம் வருகிறது. நீ உட்கார்ந்து கோட்பாடு பேசு’ என்றார். நியாயமான கேள்வி. அலையை அப்பனிடம் கற்றவன் அதையே ஊரானுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூலி வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே அவன் காட்சிப்பொருள் இல்லை, ஆசிரியன். தர்காவுக்கு வருகிறவர்களும் கார்மேல் மாதா கோயிலுக்கு வருகிறவர்களும்கூட வெளியூர்க்காரர்கள்தான். தமீம் அன்சாரியின் அடக்கத்தில் துவா செய்ய வருகிறவர், ஊரைப் பார்க்க வரவில்லை. தன் குறையைச் சொல்ல வருகிறார். வருகை எனக்குப் பிரச்சினையே இல்லை. ஒருபக்கப் பார்வைதான் பிரச்சினை.

எம்.ஏ. தமிழில் நற்றிணை 45ஆம் பாட்டு எங்களுக்குப் பாடம். நெய்தல். குறை வேண்டி வந்த தலைவனைத் தோழி சேட்படுத்தியது என்று துறைக் குறிப்பை மனப்பாடம் செய்தோம், மதிப்பெண் வாங்கினோம். இப்போது வாசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. கொடிகள் ஆடுகிற கடைத்தெரு உள்ள பழைய ஊரிலிருந்து தேரில் வந்த பணக்காரப் பிள்ளை அவன். இவர்கள் சுறாவின் இறைச்சியை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள். தோழி அவனைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு, எங்கள் மேல் மீன் நாற்றம் அடிக்கும், எட்டி நில் என்கிறாள். கடலால் வாழ்கிற எங்கள் சின்ன வாழ்க்கை உன்னுடையதைப் போன்றதில்லை, ஆனால் எங்களிலும் பெரியவர்கள் உண்டு என்கிறாள். கரைக்கு வந்தவனைக் கரையிலிருந்து ஒருத்தி பார்க்கிறாள். அளக்கிறாள். எங்கள் வகுப்பில் இதைத் ‘தலைவியின் அருமை தோன்றக் கூறியது’ என்று முடித்துவிட்டார்கள். நாற்றம் உத்தியாகிவிட்டது.

அந்த அம்மாவும் என்னை அளந்தார். “போட்டோ புடிக்க வந்தியா, வாங்க வந்தியா?” என்றார். கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினேன். விலை குறைக்கவில்லை. திரும்பி வரும்போது கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்.