ஸ்டில் ஜிஎஸ் 461: கான்கிரீட் அறுக்கும் வைரச் செயின்

ஒன்பது அங்குல ஆர்.சி.சி. சுவரில் ஏ.சி. டக்டுக்குச் சதுரத் திறப்பு எடுக்க வட்ட பிளேடு கட்டர் போதாது. 14 அங்குல பிளேடு ஏறக்குறைய 12.5 செ.மீ. ஆழம்தான் இறங்கும்; சுவரின் மறுபக்கமும் போய் அறுக்க வேண்டும். மூலையிலோ, கோட்டைத் தாண்டி வெட்டினால்தான் முழு ஆழம் கிடைக்கும். அந்தக் கூடுதல் வெட்டில், திறப்புக்கு வெளியே அப்படியே இருக்க வேண்டிய கம்பியும் துண்டாகிவிடும். செயின் ரம்பம் இந்த இரண்டு சிக்கலையும் தீர்க்கிறது.

ஜிஎஸ் 461-இல் இருப்பது 76.5 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், திறன் 4.3 கிலோவாட், பார் (செயின் சுற்றி ஓடும் தகடு), செயின் நீங்கலாக எடை 7.6 கிலோ. 40 செ.மீ. ஆழம்வரை ஒரே பக்கத்திலிருந்து அறுக்கலாம். செயினில் பற்கள் கிடையாது. வைரத்துகள் பதித்த சிறு கட்டிகள் கான்கிரீட்டைத் தேய்த்தே பொடியாக்குகின்றன.

ஓட்டும் விதம்

ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி, ரம்பத்தை உறுதியாகச் சுவரில் கொடுக்க வேண்டும். செயின் தேயுமே என்று மெதுவாகத் தடவினால்தான் வைரம் மழுங்கும். மழுங்கிய கட்டியை, எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொட்டால் வழவழவென்று இருக்கும். ஹாலோ பிளாக் போன்ற சொரசொரப்பான கல்லில் சில வெட்டுகள் போட்டால் கூர் திரும்பும். கம்பி வரும் இடத்தில் கூடவே கான்கிரீட்டும் செயினில் பட வேண்டும். தனிக் கம்பியை அறுப்பது செயினைக் கெடுக்கும். திறப்பில் முதலில் அடிக்கோடு, பிறகு மேல்கோடு, கடைசியில் பக்கங்கள். வரிசை மாறினால் துண்டு இறங்கி, பாரைக் கவ்விக்கொள்ளும்.

தண்ணீர்தான் உயிர்

பார் வழியாக வரும் தண்ணீர் செயினைக் குளிர்விக்கிறது, சிமெண்ட் சேற்றை வெளியே தள்ளுகிறது, நுரையீரலைப் பாழாக்கும் சிலிக்கா தூசியையும் அடக்குகிறது. இத்தகைய செயின்களைத் தயாரிக்கும் ஐசிஎஸ் குறைந்தது 1.5 பார் அழுத்தம் கேட்கிறது. அது 15 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். ஒரு மாடி வீட்டின் டேங்க் குழாயை நம்பக் கூடாது, பம்ப் வையுங்கள். வெட்டிலிருந்து தூசி பறந்தால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இருந்தாலும் முகக்கவசம், காது மூடி, கண்ணாடி கட்டாயம். மூடிய அறையில் பெட்ரோல் எஞ்சின் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

பராமரிப்பு

இந்தச் செயின் ஓட ஓட நீளும். பாருக்குக் கீழே கொஞ்சம் தொங்குவது இயல்பு. 12 மி.மீ. அளவுக்குத் தொங்கினால் டென்ஷன் வைக்க வேண்டும். வைத்த பிறகும் கையுறை போட்ட கையால் இழுத்தால் சுலபமாகச் சுற்ற வேண்டும். வேலை முடிந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் ஓட்டி, பார் பள்ளத்திலும் ஸ்ப்ராக்கெட்டிலும் உள்ள சேற்றைக் கழுவுங்கள். காய்ந்தால் அது சிமெண்டாகவே இறுகும். பிறகு லேசாக எண்ணெய் தெளித்து வைக்கலாம். பாரை அவ்வப்போது திருப்பி மாட்டினால் இரு விளிம்பும் சமமாகத் தேயும்.

யாருக்கு?

எப்போதாவது ஒரு திறப்பு எடுப்பவர்கள், பழகிய ஆபரேட்டரோடு வாடகைக்கு எடுப்பதே லாபம். திறப்பு வேலையே தொழிலாக இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் இயந்திர விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். தொடர்செலவு வைப்பது செயின்தான். எந்தச் சுவரானாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒப்புதல் தந்த பிறகே கோடு போடுங்கள்.