புத்தகம் போனால் பெட்டி போச்சு

யாராவது "என்னிடம் ஒரு பிசி-221 இருக்கிறது" என்று சொன்னால், "புத்தகம் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பேன். இருக்கிறது என்றால், "ரெண்டிலும் ஒரே சீரியல் நம்பரா?" என்பேன். அதற்கும் தலையாட்டினால்தான் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுப்பது.

இரண்டாம் உலகப் போரில் பெண்டிக்ஸ், பில்கோ, ஜெனித் என்று பல கம்பெனிகள் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்து தள்ளிய, ரேடியோ அதிர்வெண்ணை அளக்கும் கருவி அது. ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக அளந்து, அதற்கென்றே ஒரு புத்தகம் அச்சிட்டார்கள். இன்னொரு பெட்டியின் புத்தகம், அடுத்தவர் மூக்குக்கண்ணாடி மாதிரி. போட்டுக்கொள்ளலாம், பார்க்க முடியாது. 7 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமா? அதில் பாதியான 3500 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தைப் புரட்டினால் (அதன் இரண்டாம் ஹார்மோனிக்தான் 7) டயல் எண் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். அடியில் கிரிஸ்டல் செக் பாயின்ட். டயலை அங்கே வைத்து, கரெக்டர் குமிழைத் திருப்பி, ஹெட்போனில் விசில் இறங்கி இறங்கி அடங்கும்வரை கேட்க வேண்டும். அந்த இறக்கத்துக்காகவே நான் இதை வைத்திருக்கிறேன்.

புத்தகம் அந்தப் பெட்டிக்கே உரியது என்பதால் இதை ரிப்பேர் செய்வதில் பாதி வேலை, கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. பிளேட் சப்ளையில் உள்ள மெழுகுக் காகிதக் கண்டென்சர்களைத் தயங்காமல் மாற்றலாம். அவை எப்படியும் கசியும். ஆசிலேட்டர் பக்கம் மட்டும் ஒரு வயரைக்கூட நகர்த்தக் கூடாது. நண்பர் ஒருவர் ஆர்வக்கோளாறில் அதையும் புதுசாக்கினார். பெட்டி பளபளத்தது, புத்தகம் பொய் சொல்ல ஆரம்பித்தது.

பாட்டரி விஷயத்தில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் வழக்கு. ஹீட்டருக்கு நாலு பிஏ-23, பிளேட்டுக்கு 22.5 வோல்ட் பிஏ-2 ஆறு என்பது அசல் ஏற்பாடு. ஆறையும் கூட்டினால் 135. பதினைந்து 9 வோல்ட் பாட்டரிகளை வரிசையாகக் கோத்தாலும் அதே 135தான், ஏதோ நமக்காகவே கணக்குப் போட்டது மாதிரி. கோர்க்கும்போது விரல் ஜாக்கிரதை. ஹீட்டருக்கு எமர்ஜென்சி விளக்கின் 6 வோல்ட் 4.5 ஆம்பியர்-ஹவர் பாட்டரி போதும். மூன்று வால்வும் சேர்ந்து 0.9 ஆம்பியர் இழுக்கும். ஒரு சாயங்காலத்துக்குத் தாங்கும்.

பாட்டரிக்குப் பதில் வீட்டு மின்சாரத்தில் ஓட்டும் எலிமினேட்டர் கட்சிக்காரர்கள் பாட்டரி அறைக்குள் டிரான்ஸ்ஃபார்மரை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சூடு ஏற ஏற ஆசிலேட்டர் நகரும். அதுகூடப் போகட்டும். வடிகட்டல் கொஞ்சம் குறைந்தாலும் 100 ஹெர்ட்ஸ் ஹம் காதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். விசில் அடங்கப்போகிற கடைசிப் படியும் அங்கேதான். கச்சேரியில் கீழ்ஸ்தாயிக்கு இறங்கும்போது பக்கத்தில் ஒருவர் குறட்டை விடுகிற மாதிரி. பாட்டரியில் அந்த இடம் காலியாக இருக்கும்.

டிஜிட்டல் கவுன்டர் கட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கவுன்டருக்கு வலுவான சிக்னல் வேண்டும். தூரத்து ஸ்டேஷன் ஒன்று முனகினாலும், ரிசீவரோடு சேர்ந்து பிசி-221 பிடித்துவிடும்.

இந்தக் கருவியில் ஹெட்போன் பிளக்கைச் செருகினால்தான் ஹீட்டரே எரியும். கேட்க ஆளில்லாதபோது பாட்டரி எதற்குத் தேய வேண்டும் என்று எவரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். இப்போது ஒன்றிரண்டு எல்இடி எரியாமல் எந்தக் கருவியும் தூங்குவதில்லை.

போன வருஷம் ஒரு பழைய சாமான் கடையில் புத்தகம் மட்டும் தனியாகக் கிடந்தது. பெட்டி எங்கே போனதென்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. என் பெட்டிக்கு அது உதவாது என்று தெரிந்தும் வாங்கி வந்தேன். அதன் சீரியல் நம்பரை எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். எங்கே பிசி-221 கண்ணில் பட்டாலும் எடுத்துப் பார்க்கிறேன். இதுவரை எதுவும் ஒத்துப்போகவில்லை.