மஞ்சள் நீர்க் கால்வாயின் கணக்கு

பெரிய காஞ்சிபுரத்தில் பெய்யும் மழை வடிவதற்கென்று இருப்பது மஞ்சள் நீர்க் கால்வாய். நகரைக் கடந்து நத்தப்பேட்டை ஏரிக்குப் போகும் அதில் இன்று மழைநீரைவிடச் சாக்கடையே மிகுதி. கால்வாயும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சியின் பொறுப்பு. பட்டுக்குச் சாயம் ஏற்றும் இடங்களின் கழிவைக் கண்காணிக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கோயில் குளங்கள் அறநிலையத் துறையிடம். வேகவதி ஆறு, 2021 வரை பொதுப்பணித் துறையிடம் இருந்து, இப்போது நீர்வளத் துறையிடம். ஓடுவது ஒரே தண்ணீர்தான். ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் செய்த வேலை சரியாகவே இருக்கலாம். ஒன்றின் எல்லை முடிந்து அடுத்ததன் எல்லை தொடங்கும் இடத்தில்தான் அடைப்பு விழுகிறது.

துறைகளுக்குத் திறமை போதாது, கம்பெனியிடம் கொடுத்துவிடலாம் என்பவர்கள் உண்டு. 2019 அதை மறுக்கிறது. காஞ்சிபுரம் கோயிலின் அத்திவரதர் ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனம் தந்தபோது, ஒரு கோடிக்கு மேல் வந்த மக்களுக்குத் தற்காலிகப் பேருந்து நிலையம், கழிப்பறை, குடிநீர், மருத்துவ முகாம் அமைத்தவை அரசுத் துறைகள்தான். ஜூலை 18 நெரிசலில் 4 பேர் இறந்ததை மறைத்துவிட்டுப் பாராட்ட முடியாது. ஆனாலும் மாவட்ட ஆட்சியர் ஒருவரிடம் பதில் கேட்க முடிந்தது. முடிவு நாளும் இருந்தது. சாக்கடைக்கு அந்த இரண்டும் கிடையாது. கம்பெனி வழிக்குத் திருப்பூர் இருக்கிறது: நாளுக்கு 18.5 கோடி லிட்டர் தர அமைத்த தனியார் பங்கேற்புக் குடிநீர்த் திட்டம், 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் அதன் முக்கிய வாடிக்கையாளர்களான சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் வருமானம் சரிந்து தள்ளாடியது.

கட்டுவதைவிட, கட்டியதைப் பற்றி யார் கேட்பது என்பதில்தான் கோளாறு. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை நகருக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. தனி அலுவலர் ஆட்சி. பாரம்பரிய நகரங்களுக்கான மத்திய அரசின் ஹிருதய் திட்டம் (2015–2019) இங்கே பாதிக் காலத்துக்கு மேல் ஓடியது அந்த வெற்றிடத்தில்தான். கவுன்சிலர் வந்தால் கமிஷன் ஒழிந்துவிடுமா? ஒழியாது. ஆனால் அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார். கவுன்சிலர் அதே தெருவில் மறுபடி ஓட்டுக் கேட்டாக வேண்டும். இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (சுமார் 920) ஏரி வாரியத்தை ஆண்டுதோறும் குடவோலையில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர் உறவினர் பெயரும் குடத்தில் விழக் கூடாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமேயான சபை அது, கொண்டாட வேண்டியதில்லை. அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: முந்தைய வேலையின் பராமரிப்புக் கணக்கை, வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் வைக்காத துறைக்கு அந்த வார்டில் அடுத்த டெண்டர் இல்லை. வெள்ளக் காலத்து அவசர வேலைக்கு மட்டும் விலக்கு தேவைப்படும்.