எல்லாம் பச்சை, சார்!

2013 ஏப்ரல் மாதம். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் காலமாகிவிட்டார். லண்டன் பி.பி.சி. தலைமையகத்தில் அவருடைய பழைய படக்காட்சிகள் அவசரமாகத் தேவை. கம்ப்யூட்டரில் தேடினால் வந்து விழ வேண்டும். விழவில்லை. பெரிவேல் என்ற இடத்தில் இருந்த கிடங்கிலிருந்து டேப்புகளை டாக்ஸியிலும் பாதாள ரயிலிலும் சுமந்துகொண்டு வந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அந்த டேப்பையே ஒழித்துக் கட்டத்தான் பி.பி.சி. 2008-ல் ஒரு பிராஜெக்ட் ஆரம்பித்திருந்தது. பெயர், டிஜிட்டல் மீடியா இனிஷியேட்டிவ். முதலில் வெளி நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 2009-ல் ஒப்பந்தம் முறிந்தது. பிறகு தாங்களே செய்து பார்த்தார்கள். 2013 மே மாதம் மூட்டை கட்டிவிட்டார்கள். நிகரச் செலவு 98.4 மில்லியன் பவுண்ட். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு 800 கோடி ரூபாய்க்கு மேல்! எல்லாம் டி.வி. வைத்திருந்த வீடுகள் வருடத்துக்கு 145.50 பவுண்ட் வீதம் கட்டிய லைசென்ஸ் பணம்.

கமிட்டி இல்லையா? இருந்தது. ரிப்போர்ட் போகவில்லையா? போனது. 2011-ல் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு விசாரித்தபோது, பல நிகழ்ச்சிகள் ஏற்கெனவே இந்த சிஸ்டத்தில் தயாராகின்றன என்று பதில் வந்தது. அது உண்மை நிலவரம் இல்லை என்று 2014-ல் அதே குழு சொன்னது. பிரிட்டனின் தணிக்கை அலுவலகமும் அந்த ஜனவரியில் குட்டு வைத்தது. இவ்வளவு பெரிய வேலைக்கு அந்த ரிப்போர்ட் ஏற்பாடு போதவில்லை. முழுப் பிராஜெக்டுக்கும் பொறுப்பு என்று ஒரே ஒரு ஆள் இல்லை. மொத்த சிஸ்டமும் தேறுமா என்று வெளியாள் யாரையும் வைத்து முழுசாகச் சோதிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதற்கெல்லாம் வழிமுறை எழுதி உலகத்துக்குக் கொடுத்ததே பிரிட்டன் அரசாங்கம்தான். 1996-ல் வந்த 'பிரின்ஸ்-2'. நம் ஐ.டி. கம்பெனிகளில்கூட இதற்குப் பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்கியவர்கள் உண்டு. வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரி. கட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் கொடு. மேலே இருக்கிற போர்டு உட்கார்ந்து, 'இன்னமும் இது நமக்குத் தேவைதானா?' என்று கேட்கட்டும். தேவையில்லை என்றால் நிறுத்து. செலவோ, நாளோ எல்லை தாண்டும் என்று தெரிந்தால், கட்டம் முடியும்வரை காத்திருக்காதே, உடனே எழுது. நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன்.

நம்மவர்கள் என்ன செய்கிறோம்? 'நிறுத்து' என்ற வார்த்தையை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் அடித்த ரிப்போர்ட் வருகிறது. எல்லாம் பச்சை. வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு. தர்பூசணி! ரிவ்யூ மீட்டிங்கில் டீ, பிஸ்கட், கையெழுத்து. அடுத்த கட்டத்துக்கு அனுமதி.

பி.காம். படித்தபோது எங்கள் புரொஃபசர் முதல் வருடமே எச்சரித்தார்: ''ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆயிடுச்சுன்னு குதிக்காதே. எழுதாம விட்ட கணக்கு அதுல தெரியவே தெரியாது.'' ரிப்போர்ட்டும் அப்படித்தான். எழுதியது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எழுதாமல் விட்டது போதும், பிராஜெக்ட் கவிழ.

ஏன் எழுதாமல் விடுகிறார்கள்? சிவப்பு என்று எழுதினால் யாருக்குத் திட்டு? எழுதியவனுக்கு. போன மாதம் சிவப்பு காட்டியவனை மீட்டிங்கில் எல்லோர் எதிரிலும் காய்ச்சி எடுத்தால், இந்த மாதம் ஊர் முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கும். ஆக, கோளாறு ரிப்போர்ட் எழுதுகிறவரிடம் பாதி, படிக்கிறவரிடம் பாதி. பெரிய பாதி படிக்கிறவரிடம்.

கடைசியாக, பதிவேடு. கற்ற பாடங்களையும் எழுதி வைக்கச் சொல்கிறது பிரின்ஸ்-2. நடைமுறையில் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போன பிறகு, நினைவிலிருந்து நாலு வரி எழுதி பீரோவில் பூட்டுகிறோம். நம் கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள். பணம் வாங்கிய நிமிஷமே பேர், ஊர், தொகை. அடுத்த கல்யாணப் பத்திரிகை வந்ததும் முதலில் புரட்டுவது அதைத்தான். அந்த நோட்டுக்குப் பரீட்சையும் கிடையாது, சர்டிஃபிகேட்டும் கிடையாது.

நாளைக்கு உங்கள் ஆபீஸில் ரிவ்யூ மீட்டிங் இருக்கிறதா? நீங்கள் மேஜையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'இந்த மீட்டிங்கில் எதையாவது எப்போதாவது நிறுத்தியிருக்கிறோமா?'

இல்லை என்றால், பிஸ்கட்டாவது நல்லதாக வாங்கச் சொல்லுங்கள்.