தட்டில் கரைவதும் முட்டியில் தேய்வதும்

குருத்தெலும்பு பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு ஒரே சமையல் குறிப்புதான். கன்றுக்குட்டி மூட்டிலிருந்து ஒரு துண்டு, வளர்ப்புத் தட்டு, அதில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் ஐஎல்-1. சில நாட்களில் அக்ரிகேன் புரதம் கரைந்து வெளியே வரும். கொலாஜன் கொஞ்சம் அழுத்தக்காரன், அதுக்கு வாரக்கணக்கில் ஆகும். இதற்கு 'மூட்டுத் தேய்மான மாதிரி' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இடறுவது அந்தப் பெயர்தான்.

அளவைப் பாருங்க. தேய்மானம் வந்தவரின் மூட்டுத் திரவத்தில் ஐஎல்-1 பெரும்பாலும் பிகோகிராம் கணக்கில்தான் இருக்கிறது. தினம் ஆயிரம் பேர் வரும் சர்வரில் பத்து லட்சம் பேரை ஏற்றி விழவைத்துவிட்டு, "நிஜத்துலயும் இப்படித்தான் விழுது"ன்னு ரிப்போர்ட் எழுதினா எந்த டீமும் ஒத்துக்காது.

இந்த முறையின் தொடக்கம் அருமையானது, அதையும் சொல்லணும். 1977ல் ஹானர் ஃபெல்லும் ஜப்பும் பன்றியின் மூட்டுச் சவ்வைக் குருத்தெலும்புக்குச் சற்றுத் தள்ளி வைத்து வளர்த்தார்கள். உயிருள்ள குருத்தெலும்பு கரைந்தது; செல்களைக் கொன்றுவிட்டு வைத்தது அப்படிக் கரையவில்லை. அதாவது சவ்வு அனுப்பியது வெறும் சேதி. வீட்டை இடித்தது உள்ளே குடியிருந்த செல்லேதான். அந்தச் சேதிக்கு 'கேட்டபாலின்' என்று பேர் வைத்தார்கள். பிறகு அது ஐஎல்-1 தான் என்று தெரிந்தது. இடிக்கும் கருவிகள் (அக்ரிகேனுக்கு அடாம்ட்ஸ் நொதிகள், கொலாஜனுக்கு எம்எம்பி-13) அதன்பின் வரிசையாகக் கிடைத்தன.

சிக்கல் மருந்தில் வந்தது. முடக்குவாதத்தில் டிஎன்எஃப்பைத் தடுத்தால் மூட்டுச் சேதம் குறைகிறது. தேய்மானத்தில் ஐஎல்-1ஐத் தடுக்க மூட்டுக்குள் போட்ட அனகின்ரா ஊசி, 2009 சோதனையில் போலி ஊசியைத் தாண்டவில்லை. 2019ல் லுட்டிகிசுமாப்பும் குருத்தெலும்பைக் காப்பாற்றவில்லை.

அதற்காக ஐஎல்-1ஐக் கழித்துக்கட்டவும் முடியாது. மாரடைப்புக்காக 10,061 பேரிடம் கனகினுமாப் சோதித்த தரவை 2020ல் மறுபடி அலசியபோது, மருந்து பெற்றவர்களிடம் மூட்டு மாற்று அறுவை ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு! ஆனால் சோதனை அதற்காக நடத்தப்பட்டதல்ல. கீல்வாதக்காரர்களும் அதில் கலந்திருந்தார்கள். நான் இதைத் துப்பாகத்தான் வைப்பேன், தீர்ப்பாக அல்ல.

என் பெரிய குறை வேறு. 2016ல் அணுகுண்டுச் சோதனைக் கால கார்பன்-14ஐ வைத்துப் பார்த்தார்கள்: வளர்ச்சி முடிந்தபின் மனிதக் குருத்தெலும்பின் கொலாஜன் கிட்டத்தட்ட புதுப்பிக்கப்படுவதே இல்லை, நல்ல மூட்டிலும் சரி, தேய்ந்த மூட்டிலும் சரி. அக்ரிகேன் போனால் செல் திரும்பச் செய்துகொள்ளும். கொலாஜன் போனால் போனதுதான். தட்டில் கிடக்கும் கன்றுக்குட்டித் துண்டோ இன்னும் வளர்கிற வயசு, கொலாஜனைப் புதுசாகக் கட்டிக்கொண்டே இருப்பது.