தேடல் நின்ற இடம்

2001 ஜூனில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வொன்றுக்குத் தாமாக முன்வந்த 24 வயதுப் பெண் இறந்துபோனார். அவருக்கு நோய் எதுவும் கிடையாது. ஆய்வுக்காக ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்திருந்தார். அம்மருந்து நுரையீரலைப் பாதிக்கலாம் என்று 1950களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடத்தான் செய்தார். ஆனால் அதில் அன்று 1966க்கு முந்தைய கட்டுரைகள் இல்லை.

தனி ஆய்வுக்கே தேடல் இவ்வளவு முக்கியம் என்றால், பல ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவருக்கு வழிகாட்டும் முறையான மீளாய்வுக்கு அதுவே அடித்தளம். அங்கே பின்பற்றப்படும் முறைக்குப் பெரிய பலம் உண்டு. ஒருவர் மாரடைப்பு என்று எழுதியதை இன்னொருவர் இதயத் தசைத் திசு இறப்பு என்று எழுதியிருப்பார். மெட்லைன் என்ற மருத்துவத் தரவுத்தளத்தின் பொருள் தலைப்புகள் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்கின்றன. தேடிய எல்லாத் தரவுத்தளங்களுக்கும் தேடுசொற்களை முழுமையாக வெளியிடச் சொல்கிறது, மீளாய்வுகளை எழுதுவதற்கான 2020இன் பிரிஸ்மா நெறிமுறை. யார் வேண்டுமானாலும் அதே தேடலைத் திரும்பச் செய்து சரிபார்க்கலாம்.

ஆனால் ஒழுங்காகத் தேடியதே முழுமையாகத் தேடியதாகிவிடாது. ட்ரிஷா கிரீன்ஹால்கும் ரிச்சர்டு பீகாக்கும் தங்கள் மீளாய்வில் சேர்ந்த 495 ஆதாரங்கள் எப்படிக் கிடைத்தன என்று 2005இல் கணக்கிட்டுப் பார்த்தார்கள். முன்கூட்டியே வகுத்த தேடல் தந்தது 30 சதவீதம்தான். மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டு கட்டுரைக்குக் கட்டுரை போனதில் 51 சதவீதம் கிடைத்தது.

அச்சேறாத ஆய்வை எந்தத் தேடுசொல்லும் கொண்டுவராது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான 74 மனச்சோர்வு மருந்துச் சோதனைகளில் 31 சதவீதம் வெளியாகவே இல்லை என்று 2008இல் தெரியவந்தது. சாதகமான 38இல் 37 வெளியாகியிருந்தன. இதழ்களை மட்டும் நம்பிய மீளாய்வு, மருந்தின் பலனைக் கூட்டித்தான் சொல்லியிருக்கும். ஆகவே சோதனைப் பதிவேடுகளையும் கட்டுப்பாட்டு அமைப்புகளின் ஆவணங்களையும் பார்த்தே ஆக வேண்டும்.

வலையை அகலமாக வீசினால் வேண்டாததும் சேரும். ஆயிரக்கணக்கான தலைப்புகளைச் சலிக்க ஆளும் நேரமும் தேவை. அவசரத்துக்குச் சுருக்கமாகத் தேடுவதில் தவறில்லை. எங்கே தேடவில்லை, ஏன் தேடவில்லை என்று எழுதாமல் விடுவதுதான் தவறு. தேடலை வகுக்கும்போதே மருத்துவ நூலகரைச் சேர்த்துக்கொள்வதும், வேறொரு நூலகரிடம் அதைக் காட்டித் திருத்துவதும் கட்டாயமாக வேண்டும்.

“1966 முதல் மட்டுமே பார்த்தோம்” என்ற ஒரு வரி கண்ணில் பட்டால், “அதற்கு முன்?” என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இடம் வைப்பதே நல்ல தேடல்.