இரத்தக்கண்ணீரில் நகையும் இளிவரலும்

நாடகத்தைத் திரைப்படமாக்குவோர் காட்சிகளை அரங்கிற்கு வெளியே கொண்டு செல்லவே பெரிதும் முயல்வர். 1954-ஆம் ஆண்டு கிருஷ்ணன், பஞ்சு இருவர் இயக்கத்தில் வெளிவந்த இரத்தக்கண்ணீரில் அம்முயற்சி மிகக் குறைவு. திருவாரூர் கே. தங்கராசு எழுத, எம். ஆர். இராதா மேடையில் நடித்துப் புகழ்பெற்ற நாடகமே பெரும்பாலும் நம் கண்முன் நிற்கின்றது. உரையாடல் நீள்கின்றது, படக்கருவி பொறுத்து நின்று கேட்கின்றது. இதனைக் குறை என்பாரும் உளர். இராதாவின் குரலைக் கருதின் அக்கூற்று நில்லாது. ஒரே தொடருக்குள் அடித்தொண்டையினின்று கீச்சுக்குரலுக்கு ஏறி இறங்கும் அப்பேச்சு, கடைசி வரிசையில் இருப்பவனையும் எட்டுமாறு அரங்கில் பழகியது. காட்சியைத் துண்டுதுண்டாக வெட்டியிருப்பின் அவ்வோட்டம் சிதைந்திருக்கும்.

தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார். இளிவரலுக்குரியவற்றுள் பிணியையும் எண்ணினார். உரையாசிரியராகிய பேராசிரியர் எள்ளலை இருவகையாகப் பகுப்பர். ஒருவன் பிறரை இகழ்ந்து நகுதல் ஒன்று; பிறர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. அயல்நாடு சென்று மீண்ட மோகனசுந்தரம் தாயையும், மனைவி சந்திராவையும், ஊர் வழக்கத்தையும் இகழும் முற்பகுதி முதல்வகை. அங்கே நாம் நகுகின்றோம். நகுதற்காக ஓரளவு நாணவும் செய்கின்றோம். காந்தாவால் துரத்தப்பட்டு, கண்ணிழந்து, தொழுநோயினனாய் இரந்து திரியும் பிற்பகுதியில் அவன் நாவின் கூர்மை சிறிதும் மழுங்கவில்லை. ஆனால் இப்போது இகழ்வோனே இகழப்படுவோன். நகையும் இளிவரலும் ஓருடம்பில் கூடுகின்றன. அழுகையொன்றையே நாடிய அக்காலக் குடும்பப் படங்களில் இத்தகைய கூட்டம் காண்டல் அரிது.

எனினும் ஒன்றை மறைத்தலாகாது. ஒழுக்கக்கேட்டின் தண்டனையே தொழுநோய் என்பது கதையின் அடிப்படை. அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்தார். 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தபின் அது முற்றும் தீர்க்கத்தக்க நோயாயிற்று. அவ்வாறிருந்தும் தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணங்களினின்று நீக்க இந்நாட்டுச் சட்டத்திற்கு 2019 வரை ஆயிற்று. மூடவழக்கங்களைச் சாட எழுந்த ஒரு நாடகம் பிறிதொரு மூடநம்பிக்கையைத் தன் தூணாகக் கொண்டது வியப்பே. இராதாவின் நடிப்பு எத்துணைச் சிறந்ததோ அத்துணை ஆழமாக அந்நம்பிக்கையும் காண்போர் நெஞ்சில் பதிந்திருக்கும்.

இறுதியில் மோகனன், தன் நோயுருவைச் சிலையாக்கி நிறுத்துமாறும், சந்திராவை மணக்குமாறும் பாலுவை வேண்டுகின்றான். முன்னது படத்தின் பிழையைக் கல்லிலே பொறிப்பது. பின்னதோ எந்நோயையும் சாராதது. தன்னால் வாழ்விழந்த ஒருத்திக்கு வாழ்வைத் திருப்பித் தர எண்ணும் கணவன் கேட்பது.